‘மிதப்பு நேரம்’ வேண்டாம், ‘அந்தர நேரம்’ வைப்போமா?

அனைவருக்கும் வணக்கம்.

நிலவிலோ பூமியிலோ ஒருவர் குதிக்கும்போது, கால் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரை தொடும்வரை ஆகும் நேரத்துக்குத் தமிழ்ச் சொல்லாக ‘மிதப்பு நேரம்’ என்று முந்தைய மடலில் சொல்லியிருந்தீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இயற்பியல் இடிக்கிறது. மிதக்க வேண்டுமென்றால் நீரோ காற்றோ கீழிருந்து தாங்க வேண்டும். நிலவில் குதிப்பவரைத் தாங்க எதுவும் இல்லை; மேலே போகும்போதுகூட அவருடைய முடுக்கம் கீழ்நோக்கித்தான். அங்கே அது வினாடிக்கு வினாடி 1.62 மீட்டர், பூமியில் 9.8. ‘காற்றுவெளி நேரம்’ என்ற யோசனையும் தேறாது, அங்கே காற்றே இல்லையே!

‘அந்தர நேரம்’ என்பது என் பரிந்துரை. பிடிமானம் இல்லாத நிலையை மட்டும் அது சொல்கிறது. குதித்தாலும் விழுந்தாலும் பொருந்தும்.

வரையறையில்தான் கவனம் வேண்டும். ‘நிலவில் அந்தர நேரம் ஆறு மடங்கு’ என்று எழுதினால் பாதிதான் சரி. ஒரே வேகத்தில் உந்தி எழுந்தால் உயரமும் நேரமும் ஆறு மடங்கு. ஒரே உயரத்திலிருந்து விழுந்தாலோ ஆறின் வர்க்கமூலம், அதாவது சுமார் இரண்டரை மடங்குதான். ஒன்றரை மீட்டர் விழப் பூமியில் 0.55 வினாடி, நிலவில் 1.36. மோதும் வேகமும் அங்கே இரண்டரையில் ஒரு பங்காகிவிடும். குதிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது: எழுந்த வேகத்திலேயே இறங்க வேண்டும், நிலவானாலும் பூமியானாலும்.

1972இல் அப்பல்லோ 16 நிலவுப் பயணத்தில் விண்வெளி வீரர் ஜான் யங் கொடிக்கு வணக்கம் வைத்தபடி குதித்தாரே, அதில் அந்தர நேரம் சுமார் 1.45 வினாடி. கணக்குப் போட்டால் உயரம் 42 செ.மீ. பூமியில் அதே உயரத்துக்கு 0.6 வினாடிகூட ஆகாது. இன்னும் உயரமாக ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். எடைதான் ஆறில் ஒன்று, நிறை அப்படியே இருக்கிறது. 90 கிலோவுக்கும் மேலான உடையையும் முதுகுப் பெட்டியையும் சேர்த்தே கால்கள் உந்த வேண்டும். அழுத்தத்தில் விறைத்த உடைக்குள் முழங்காலை நன்றாக மடக்கவும் முடியாது.

அப்புறம், ஒரு தயக்கம். ஈழத்தில் அந்தரம் என்றால் அவசரம், பதற்றம். அங்கே படிக்கும் பிள்ளைக்கு இது ‘அவசர நேரம்’ என்று கேட்குமோ? ‘தொடுகையிலா நேரம்’ துல்லியம்தான், ஆனால் வகுப்பில் யார் அப்படிச் சொல்லப் போகிறார்கள்? ஈழத்து நண்பர்கள் சொல்லுங்கள்.