நடுக்கடலில் நடந்த அடிதடிக்கு நம் ஊர் கோர்ட்டில் வழக்கு நடக்குமா?

அலைவாசல்:
என் தம்பிக்குச் சரக்குக் கப்பலில் வேலை. பனாமா கொடி, அதாவது பனாமாவில் பதிவான கப்பல். எந்த நாட்டுக் கரையும் பக்கத்தில் இல்லாத நடுக்கடலில், கூட வேலை பார்த்த இன்னொரு இந்தியர் ஸ்பேனரால் அடித்ததில் தாடை உடைந்துவிட்டது. இரண்டு பேரும் இப்போது இந்தியாவில்தான் இருக்கிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் “கடலில் நடந்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும், பனாமாவில் போய்ப் புகார் கொடுங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது சரியா?

வாய்தா:
சரியில்லை. கப்பல் எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டுக்கு அதிகாரம் உண்டு, உண்மைதான். ஆனால் அடித்தவர் இந்தியக் குடிமகன் என்பதால் நம் சட்டமும் அவரைத் தொடரும். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 208-ஆம் பிரிவைப் பாருங்கள். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அது, பழைய சட்டத்தில் 188. இந்தியர் வெளியே, ஆழ்கடலிலேயே செய்த குற்றமானாலும், அவர் இந்தியாவில் எங்கே இருக்கிறாரோ அங்கேயே விசாரிக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று சொல்லிப் புகாரை மறுக்கவும் முடியாது. அதே சட்டத்தின் 173-ஆம் பிரிவு எந்த ஸ்டேஷனிலும் எஃப்ஐஆர் போட வழி வைத்திருக்கிறது. ஒரு தடை மட்டும் உண்டு. மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் கோர்ட் விசாரணையைத் தொடங்க முடியாது. அதற்காக போலீஸ் புலனாய்வு காத்திருக்க வேண்டியதில்லை.

கடல்மைல்:
அவ்வளவு சுலபமா என்ன? 2012-இல் என்ரிகா லெக்சி கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்ற வழக்கில், கேரள போலீசுக்கு அதிகாரமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னதே. கரையிலிருந்து 20.5 கடல் மைல்தான், அதுவே மாநிலத்துக்கு எட்டவில்லை.

வாய்தா:
அங்கே குற்றம் சாட்டப்பட்டவர்கள் வெளிநாட்டவர், அதுவும் ஒரு அரசின் ராணுவத்தினர். சம்பவ இடம் நம் 12 கடல் மைல் எல்லைக்கு வெளியே, அதனால் மாநிலத்துக்கு இல்லை, மத்திய அரசுக்கு உண்டு என்றுதான் தீர்ப்பு. கடைசியில் 2020-இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த வீரர்களுக்கு இந்திய கோர்ட்டிலிருந்து விலக்கு உண்டு, இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றது. 10 கோடி ரூபாய் வந்த பிறகு 2021-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. இவர் விஷயத்தில் அடித்தவரே இந்தியர், கேள்வியே வேறு. அடித்தவர் வேறு நாட்டவராக இருந்திருந்தால், அடிபட்டவர் இந்தியர் என்ற ஒரே காரணத்தை வைத்து 208-க்குள் நுழைய முடியாது.

பைலட்லேடர்:
சட்டம் சரி, சாட்சிக்கு என்ன வழி? கப்பல் ஆட்கள் ஒப்பந்தம் முடிந்து ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள், எஞ்சின் ரூமில் கேமரா பெரும்பாலும் இருக்காது. கேப்டன் லாக் புக்கில் (கப்பலின் அன்றாடப் பதிவேடு) இந்தச் சண்டையை எழுதினாரா, அடுத்த துறைமுகத்தில் டாக்டர் பார்த்த சீட்டு இருக்கிறதா என்று உடனே பாருங்கள். கம்பெனிக்கும் கேப்டனுக்கும் இன்றே மின்னஞ்சல் போட்டு லாக் புக் நகல் கேளுங்கள். பார்த்தவர்களின் போன் நம்பர்களைத் தம்பியிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

அலைவாசல்:
டாக்டர் சீட்டும் எக்ஸ்ரேயும் தம்பியிடம் இருக்கின்றன. லாக் புக் பற்றி யாருமே சொல்லவில்லை, இப்போதே எழுதுகிறேன். ஸ்டேஷனில் மறுபடியும் மறுத்தால்?

வாய்தா:
புகாரை எழுத்தில், 173, 208 இரண்டையும் குறிப்பிட்டு, எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.