பதினொன்றாம் வகுப்பில் கலிபோர்னியா வந்தோம்: மகளின் ஏ-ஜி பட்டியலில் காலிக் கட்டங்கள், வழி இருக்கிறதா?

மதுரை_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். போன ஜூலையில் மதுரையிலிருந்து சான் ஹோசே பக்கம் குடிவந்தோம். மகள் ஒன்பதும் பத்தும் ஊரில் மாநிலப் பாடத்திட்டத்தில், ஆங்கில வழியில் படித்தாள். மொழிப் பாடம் தமிழ். பத்தாவதில் 500-க்கு 462. இங்கே நேராகப் பதினொன்றில் சேர்த்துக்கொண்டார்கள். யு.சி.யில் (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) உயிரியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

போன வாரம் பள்ளி கவுன்சிலர் ஒரு தாளை எடுத்து எங்கள் முன்னால் வைத்தார். யு.சி.யில் சேரக் கேட்கும் பாட வகைகளுக்கு ஏ முதல் ஜி வரை ஏழு கட்டங்கள். வேற்று மொழிக்கான இ கட்டத்தில் சுழி. கலைக்கான எஃப் கட்டத்தில் சுழி. ஆங்கிலத்துக்கு நேரே கேள்விக்குறி. கணக்கில் இந்த ஒரு வருடம் மட்டும். ஊரில் படித்த இரண்டு வருடத்தையும் 'ட்ரான்ஸ்ஃபர் கிரெடிட்' என்று ஒரே வரியில் மொத்தமாக ஏற்றியிருக்கிறார்கள். "டிப்ளமோ (பள்ளி இறுதிச் சான்றிதழ்) வாங்கிவிடுவாள், யு.சி. கஷ்டம்" என்றார். திரும்பி வரும்போது காரில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னும் இரண்டு சிக்கல். சேர்க்கும்போது கொடுத்த படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினேன். அதனால் எல்பாக் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வு வைத்து, ஆங்கிலம் 11-க்குப் பதில் இ.எல்.டி. வகுப்பில் (ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்களுக்கானது) போட்டுவிட்டார்கள். அப்புறம், அல்ஜீப்ரா 2-இல் முதல் செமஸ்டர் டி கிரேட். கணக்கு வராத பிள்ளை இல்லை. வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண் உண்டு, அதை ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்பதே அக்டோபர் வரை எங்களுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அழகாக நோட்டில் போட்டு வைத்திருந்தாள்.

ஆறு வயதிலிருந்து பரதம் கற்கிறாள். அது எஃப் கட்டத்துக்கு ஆகுமா? ஊர்ப் படிப்பு நிஜமாகவே வீண்தானா?

ஃப்ரீமாண்ட்_செல்வம்:

சகோதரி, முதலில் மூச்சு விடுங்கள். என் மகனும் பத்தாவது முடித்துத்தான் இங்கே வந்தான், இப்போது யு.சி.யில் இரண்டாம் வருடம். இதே தாளை எனக்கும் காட்டினார்கள்.

டிப்ளமோவும் ஏ-ஜியும் இரண்டு வேறு கணக்கு. மாநிலம் டிப்ளமோவுக்குக் கேட்பது குறைந்தபட்சம் மூன்று வருட ஆங்கிலம், இரண்டு வருடக் கணக்கு. கலை, வேற்று மொழி, தொழிற்கல்வி மூன்றில் ஏதாவது ஒன்று ஒரு வருடம் இருந்தால் போதும். யு.சி.யும் கால் ஸ்டேட்டும் (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) கேட்பது, ஏ முதல் ஜி வரை வரிசையாக, 15 வருடப் பாடங்கள்: வரலாறு 2, ஆங்கிலம் 4, கணக்கு 3, அறிவியல் 2, வேற்று மொழி 2, கலை 1, கூடுதல் விருப்பப் பாடம் 1. எல்லாம் சி கிரேடோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். யு.சி.க்கு இதில் 11 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவது இந்த 11-ஐத்தான்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் மகள் ஊரில் படித்ததைப் பள்ளி எப்படிச் சுருக்கி ஏற்றியிருந்தாலும், யு.சி. விண்ணப்பத்தில் அந்த இரண்டு வருடத்தையும் நீங்களே பள்ளி வாரியாக, பாடம் பாடமாகப் பதிய வேண்டும். வெளிநாட்டுப் பள்ளிக்குத் தனி இடம் உண்டு. மதிப்பெண் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே. 93 என்றால் 93. நீங்களாக ஏ, பி என்று மாற்றாதீர்கள். மதிப்பிடுவது பல்கலைக்கழகத்தின் வேலை.

ஒன்பதிலும் பத்திலும் தமிழை மொழிப் பாடமாகப் படித்தாள் அல்லவா? இ கட்டத்துக்கு உரிய இரண்டு வருடம் அதுதான். நாங்கள் அப்படித்தான் காட்டினோம், ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் சுழி என்று பார்த்த இடத்தில் திருக்குறளும் சிலப்பதிகாரமும் உட்கார்ந்திருக்கின்றன.

வாலண்டியர்_மீனா:

செல்வம் அண்ணா சொன்னது சரி. நான் வார இறுதியில் புதிதாக வரும் குடும்பங்களுக்கு விண்ணப்ப உதவி செய்கிறேன். இ.எல்.டி. பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நேரம் போனால் திரும்பி வராது.

ஆங்கிலத்துக்கான பி கட்டத்தின் நான்கு வருடத்தில் இ.எல்.டி. வகை வகுப்பு ஒரு வருடம் மட்டுமே கணக்கில் வரும். அதுவும் உங்கள் பள்ளியின் அந்தக் குறிப்பிட்ட வகுப்பு ஏ-ஜி பட்டியலில் இருந்தால்தான். யு.சி. நடத்தும் ஏ-ஜி பாடப் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பள்ளிப் பெயரையும் கல்வியாண்டையும் போட்டால் போதும். ட்ரான்ஸ்கிரிப்டில் (பள்ளி தரும் பாட, மதிப்பெண் பட்டியல்) உள்ள வகுப்பின் பெயர் அங்கே அதே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு வகுப்பு நடக்கும், ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. அப்படி ஒரு பையனுக்கு நடந்து, நவம்பரில்தான் கண்டுபிடித்தோம்.

உங்கள் இ.எல்.டி. வகுப்பு பட்டியலில் இருந்தால்: ஊரில் இரண்டு, இந்த இ.எல்.டி. ஒன்று, அடுத்த வருடம் ஆங்கிலம் 12 ஒன்று, ஆக நான்கு. அடுத்த வருடமும் இ.எல்.டி.யில் போட்டால் பி கட்டம் உடைந்துவிடும். எனவே இப்போதே ஈமெயிலில், எழுத்தாக, பன்னிரண்டில் வழக்கமான ஆங்கிலம் வேண்டும் என்று கேளுங்கள். வாய்ப்பேச்சாக விடாதீர்கள்.

வீட்டு மொழி தமிழ் என்று எழுதியதற்காக வருந்த வேண்டாம் அக்கா. நீங்கள் செய்தது சரி.

கூபர்டினோ_ரவி:

எஸ்.ஏ.டி. என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வை நன்றாக எழுதினால் விடுபட்ட பாடங்களை ஈடுகட்டலாம். அல்ஜீப்ரா 2 கஷ்டமாக இருந்தால் டேட்டா சயின்ஸ் எடுக்கச் சொல்லுங்கள், அதுவும் கணக்குதான். என் அண்ணன் மகள் அப்படித்தான் செய்தாள்.

வாலண்டியர்_மீனா:

ரவி சார், உங்கள் அண்ணன் மகள் படித்த காலத்தில் அது சரியாக இருந்திருக்கும். இப்போது இரண்டுமே இல்லை. யு.சி. 2021-லிருந்து சேர்க்கைக்கு எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. கால் ஸ்டேட் 2022-இல் கைவிட்டது. பாடவாரி எஸ்.ஏ.டி. தேர்வே 2021-இல் நின்றுபோனது. அறிமுக டேட்டா சயின்ஸ் வகுப்பு அல்ஜீப்ரா 2-க்கு மாற்று ஆகாது என்று யு.சி. ஆசிரியர் குழு 2023-இல் சொல்லிவிட்டது. உயிரியல் படிக்க ஆசைப்படும் பெண் அல்ஜீப்ரா 2-ஐ விட்டால் பின்னால் கால்குலஸில் திணறுவாள்.

கூபர்டினோ_ரவி:

திருத்தியதற்கு நன்றி. மேலே நான் எழுதியதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கு_வாத்தியார்:

டி கிரேட் பற்றி. (இந்த எழுத்துக் குழப்பத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன்: டி கட்டம் என்றால் அறிவியல், டி கிரேட் என்றால் சி-க்குக் கீழே. பெற்றோர் பலர் இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.)

கணக்கிலும் வேற்று மொழியிலும் ஒரு நல்ல விதி உண்டு. இரண்டாம் செமஸ்டரில் சி வாங்கினால், அதே பாடத்தின் முதல் செமஸ்டர் டி கிரேட் தகுதிக் கணக்கில் சரியாகிவிடும். படிப்படியாகப் போகும் பாடம் என்பதால், மேல்படி தெரிந்தவருக்குக் கீழ்ப்படி தெரியும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஜி.பி.ஏ. என்னும் கிரேட் சராசரியில் அந்த டி அப்படியே நிற்கும். யு.சி.க்கு கலிபோர்னியாவாசிகளுக்குக் குறைந்தபட்சம் 3.0, கால் ஸ்டேட்டுக்கு 2.5. உயிரியல் மாதிரி போட்டியுள்ள துறைக்கு 3.0 போதாது. எனவே முதல் செமஸ்டரைக் கோடையில் மறுபடி படித்து நல்ல கிரேட் வாங்க முடிந்தால் அதைச் செய்யுங்கள். திரும்பப் படித்த கிரேடைத்தான் யு.சி. ஜி.பி.ஏ.வுக்கு எடுத்துக்கொள்ளும்.

ஜியோமெட்ரி இல்லையே என்று கவுன்சிலர் கேட்பார். யு.சி. ஜியோமெட்ரியை விடச் சம்மதிக்காது, உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கில் தேல்ஸ் தேற்றம், தொடுகோடு, ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல் எல்லாம் இருக்கிறது. பாடப்புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆங்கில வழிப் புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை அச்செடுத்து எடுத்துச் செல்லுங்கள். கவுன்சிலருக்கு உங்கள் ஊர்ப் பாடத்திட்டம் தெரிந்திருக்க வழியில்லை, காட்டினால் புரியும்.

மதுரை_அம்மா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்றிரவு இதையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ் கணக்கில் வரும் என்றதும் முகம் மாறிவிட்டது.

பத்தாவது மதிப்பெண் சான்றிதழ் கையில் இருக்கிறது. ஒன்பதாவதுக்குத்தான் ஒன்றும் இல்லை. முன்னேற்ற அட்டை மட்டும் இருக்கிறது, காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று வகுப்பாசிரியர் பேனாவால் எழுதியது. அரையாண்டு அறிவியலில் அடித்துத் திருத்தியும் இருக்கிறது. பள்ளியில் போனில் கேட்டால் "ஒன்பதாவதுக்கு ட்ரான்ஸ்கிரிப்ட் என்று எதுவும் தருவதில்லை" என்கிறார்கள். பரதம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ஃப்ரீமாண்ட்_செல்வம்:

ட்ரான்ஸ்கிரிப்ட் என்ற சொல்லே அவர்களுக்குப் பழக்கமில்லை, அதனால்தான் இல்லை என்கிறார்கள். எங்களுக்கும் அதே பதில்தான். நான் செய்தது: நானே ஒரு பக்கம் ஆங்கிலத்தில் அடித்தேன். மாணவி பெயர், பிறந்த தேதி, கல்வியாண்டு, பயிற்று மொழி, ஐந்து பாடங்கள், முழு ஆண்டுத் தேர்வு மதிப்பெண், மொத்தம் எத்தனைக்கு, தேர்ச்சிக்கு 35 என்ற ஒரு வரி. அதை என் தம்பி நேரில் கொண்டுபோய்த் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தான். பள்ளிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, பள்ளியின் லெட்டர்ஹெட்டில் அச்சடித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். மூன்று பிரதி கேளுங்கள், உறையில் ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். என் மகனுக்கு இனிஷியல் முன்னால் வந்துவிட்டது, மறுபடி ஒரு நடை.

இப்போதைக்கு அவசரம் இல்லை. விண்ணப்பிக்கும்போது எந்தத் தாளும் அனுப்ப வேண்டியதில்லை, நீங்கள் பதிவதை நம்பித்தான் படிப்பார்கள். இடம் கிடைத்து ஒப்புக்கொண்ட பிறகு, ஜூலை 1-க்குள் எல்லாப் பள்ளி ட்ரான்ஸ்கிரிப்டும் போக வேண்டும். அப்போது நீங்கள் பதிந்ததும் தாளில் உள்ளதும் ஒத்துப்போகாவிட்டால் கிடைத்த இடமே போய்விடக்கூடும். அதனால் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பதிய வேண்டும்.

வாலண்டியர்_மீனா:

பரதம்: வெளியே குருவிடம் கற்றது எஃப் கட்டத்தை நிரப்பாது அக்கா. பல வருட உழைப்பு, மனம் கேட்காதுதான். ஆனால் அது வீண் இல்லை. விண்ணப்பத்தில் செயல்பாடுகள் பகுதியில் விரிவாக எழுதலாம், தன்னைப் பற்றிய கேள்விகளுக்குப் பதிலாகவும் எழுதலாம்.

எஃப்-க்கு இரண்டு வழி. பன்னிரண்டில் ஒரு வருடக் கலை வகுப்பு. அல்லது இந்தக் கோடையில் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரி) ஒரே ஒரு வகுப்பு. கல்லூரியில் மூன்று யூனிட் செமஸ்டர் வகுப்பு, பள்ளியின் ஒரு முழு வருடத்துக்குச் சமம். நடனம், இசை, நாடகம், ஓவியம் எதுவும் ஆகும், யு.சி.க்கு மாற்றத்தக்க, அதாவது யு.சி. தன் படிப்பிலும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வகுப்பாக இருக்க வேண்டும். அசிஸ்ட் இணையதளத்தில் கல்லூரி வாரியாகப் பார்க்கலாம். ஒரு யூனிட், இரண்டு யூனிட் நடன வகுப்புகள் நிறைய இருக்கும், அதில் ஏமாந்துவிடாதீர்கள். பெற்றோர் சம்மதமும் பள்ளியின் கையெழுத்தும் வேண்டும். பள்ளி மாணவருக்குப் பெரும்பாலும் பாடக் கட்டணம் வாங்குவதில்லை. கோடை வகுப்பு ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஓடிவிடும், தினமும் வேலை இருக்கும்.

11 பாடக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஊர்ச் சமூக அறிவியலும் இந்த வருட அமெரிக்க வரலாறும் 2, ஆங்கிலம் 3, கணக்கு 3, ஊர் அறிவியலும் இங்கே கெமிஸ்ட்ரியும் சேர்ந்து குறைந்தது 2, தமிழ் 2. ஜூனிலேயே 12 ஆகிவிடுகிறது. இ.எல்.டி. பட்டியலில் இல்லாமல் போனாலும் 11. அப்படியானால் விடுபட்ட ஓர் ஆங்கிலத்தையும் கம்யூனிட்டி காலேஜில் எடுத்துவிடலாம்.

மதுரை_அம்மா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இ.எல்.டி. வகுப்பு பட்டியலில் இருக்கிறது, நானே தேடிப் பார்த்தேன். பன்னிரண்டில் வழக்கமான ஆங்கிலம் என்று கவுன்சிலர் ஈமெயிலில் உறுதி கொடுத்துவிட்டார். கணக்குப் புத்தகப் பொருளடக்கத்தைக் காட்டியபோது அவரே ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். பத்தாம் வகுப்புப் பாடங்களைத் தனித்தனியாக ஏற்றுகிறேன், ஒன்பதாவது தாள் வந்ததும் அதையும் ஏற்றுகிறேன் என்றார். அண்ணன் திங்கட்கிழமை மதுரைப் பள்ளிக்குப் போகிறார், பாஸ்போர்ட் நகலும் அனுப்பிவிட்டேன்.

கோடைக்கு நடன வரலாறு, மூன்று யூனிட், யு.சி.க்கு மாறும். அவளே தேர்ந்தெடுத்தாள். அல்ஜீப்ராவில் இந்த வாரம் பி-யில் இருக்கிறாள். வீட்டுப்பாடத்தை ஏற்றிவிட்டு என்னிடம் திரையைக் காட்டிவிட்டுத்தான் தூங்கப் போகிறாள்.

கோடையில் நடனமும் அல்ஜீப்ரா முதல் செமஸ்டரும் இரண்டும் சேர்த்து எடுத்தால் தாங்குமா?

கணக்கு_வாத்தியார்:

இரண்டும் வேண்டாம் அம்மா. எட்டு வாரத்தில் இரண்டு வகுப்பு பெரியவர்களுக்கே பாரம். எஃப் கட்டம் காலி, அதனால் நடன வகுப்பு கோடைக்கு. அல்ஜீப்ரா முதல் செமஸ்டரை இலையுதிர் பருவத்தில் மாலை வகுப்பாகவோ ஆன்லைனாகவோ உங்கள் மாவட்டத்தில் தருகிறார்களா என்று கேளுங்கள். விண்ணப்பத்தில் 'நடந்துகொண்டிருக்கிறது' என்று பதியலாம். முதலில் ஜூனில் அந்த பி வரட்டும்.