டெஸ்ட்டில் பாராசூட் தானாக விரிந்துவிட்டது. நகரத்துக்குள் இதை நம்பிப் பறக்கலாமா? காப்பீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

மாடிப்பார்வை (கேட்டவர்)

வணக்கம். கட்டடங்களின் வெளிச்சுவரை ட்ரோனில் படமெடுத்து, விரிசல், நீர்க்கசிவு எங்கெங்கே இருக்கிறது என்று அறிக்கை கொடுக்கும் வேலை செய்கிறேன். இதுவரை ஆள் நடமாட்டம் இல்லாத தொழிற்கூடங்களில்தான் பறந்திருக்கிறேன். இப்போது முதல் தடவையாக நகரத்தின் நடுவில் ஒரு வேலை வந்திருக்கிறது. 12 மாடி, சுமார் 40 மீட்டர் உயரம். ஒரு பக்கம் சாலையும் நடைபாதையும், மறுபக்கம் வாகன நிறுத்தம்.

ட்ரோன் கேமராவோடு சேர்த்து 6 கிலோ. கட்டட நிர்வாகம் பாராசூட்டும் மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. பாராசூட் வாங்கி மாட்டினேன். திறந்த மைதானத்தில் டெஸ்ட் செய்தபோது, 40 மீட்டரிலிருந்து வேகமாகக் கீழே இறக்கும் நேரத்தில், எந்தக் கோளாறும் இல்லாமலேயே மோட்டார் நின்று பாராசூட் விரிந்துவிட்டது. கால் ஒன்று உடைந்தது, இரண்டு இறக்கைகள் போயின. கீழே யாரும் இல்லை.

அன்றிலிருந்து மனம் சரியில்லை. இது சாலைக்கு மேல் நடந்திருந்தால்? பாராசூட்டைக் கழற்றிவிட்டுப் பறப்பதுதான் பாதுகாப்போ என்றுகூடத் தோன்றுகிறது. இது ஏன் நடந்தது, இப்படி ஒரு விபத்துக்குக் காப்பீடு பணம் தருமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுழலி4

கழற்றும் முடிவை இப்போதே எடுக்காதீர்கள். காரணம் பெரும்பாலும் கண்டுபிடிக்கக் கூடியதாகத்தான் இருக்கும்.

பாராசூட் பெட்டிக்குள் தனியாக ஒரு சென்சார் இருக்கிறது. ட்ரோனின் மூளையை அது நம்புவதில்லை, தானே முடிவெடுக்கும். அது பார்ப்பது முக்கியமாக இரண்டு விஷயம். ஒன்று, ட்ரோன் அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கிறதா. இரண்டு, தடையில்லாமல் கீழே விழுகிறதா. வேகமாக இறங்கத் தொடங்கும் அந்த முதல் நொடியில் சென்சார் உணரும் எடை சட்டென்று குறையும். அதோடு அதிர்வும் சேர்ந்துகொண்டால் 'விழுகிறோம்' என்று அது முடிவுகட்ட வாய்ப்பு உண்டு.

இவற்றைச் சொல்லுங்கள்: ஸ்போர்ட் மோடில், அதாவது வேகமாகப் பறக்கும் அமைப்பில் இருந்தீர்களா? இறங்கும் வேகம் எவ்வளவு? பெட்டியை எதில் பொருத்தியிருக்கிறீர்கள்? பாராசூட்டின் லாக் கோப்பை, அதாவது சென்சார் பதிந்து வைத்த அளவுகளை, எடுத்துப் பார்த்தீர்களா? ட்ரோனின் லாக் வேறு, இது வேறு. இரண்டையும் நேரம் பொருத்தி அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

மாடிப்பார்வை

ஸ்போர்ட் மோடுதான். இறங்கும் வேகம் நொடிக்கு 6 மீட்டர். பெட்டி மேல்தட்டில் நான்கு திருகுகளில் நிற்கிறது. லாக் இன்னும் எடுக்கவில்லை, இன்று மாலை எடுத்துப் போடுகிறேன்.

கயிறும் காற்றும்

லாக் வரட்டும். அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக நகரத்துக்குள் வருபவர்கள் பாராசூட் இருந்தால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள்.

உங்கள் 6 கிலோ ட்ரோன் 40 மீட்டரிலிருந்து சும்மா விழுந்தால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். ஆற்றல் சுமார் 2,350 ஜூல். பாராசூட்டில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்தால் 75 ஜூல். இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான் கழற்றாதீர்கள் என்கிறோம்.

ஆனால் 75 ஜூலும் சின்ன அடி இல்லை. மனிதர்களுக்கு மேல் பறப்பதற்கு அமெரிக்காவில் 2021 முதல் உள்ள விதியில், இரண்டாம் வகை ட்ரோன் மோதினால் ஏற்படும் காயம் 11 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 15 ஜூல் தரும் காயத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாம் வகைக்கு 25 அடி-பவுண்டு, சுமார் 34 ஜூல். அந்த விதி உங்களுக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பாராசூட்டோடு வந்தாலும் உங்கள் ட்ரோன் ஒருவர் தலையில் விழக் கூடாத பொருள்தான்.

அடுத்து உயரம். கோளாறு நடந்து, சென்சார் உணர்ந்து, மோட்டார் நின்று, துணி வெளியே வந்து காற்றை நிரப்பிக்கொள்ள ஒன்றரை நொடி என்று வைத்தாலும் அதற்குள் 11 மீட்டர் விழுந்திருக்கும். இரண்டு நொடி என்றால் 20 மீட்டர். உங்கள் பாராசூட்டின் கையேட்டில் குறைந்தபட்ச விரியும் உயரம் எவ்வளவு என்று பாருங்கள். அதற்குக் கீழே இருக்கும் மாடிகளைப் படமெடுக்கும்போது பாராசூட் வெறும் சுமை. அங்கே கீழே ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் பாதுகாப்பு.

காற்றையும் சேர்த்துப் பாருங்கள். 40 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வேகத்தில் இறங்க 8 நொடி. காற்று நொடிக்கு 6 மீட்டர் அடித்தால் ட்ரோன் 48 மீட்டர் தள்ளிப் போய் விழும். நீங்கள் கூம்பு வைத்து அடைத்த இடத்தில் அது விழாது, சாலைக்கு அந்தப்புறம் போய் விழும். காற்று சுவரை நோக்கி அடித்தாலோ, துணி ஏதாவது பால்கனியில் மாட்டிக்கொண்டு ட்ரோன் ஊசலாடி ஜன்னலில் மோதும். சுவருக்கு 5 மீட்டரில் நின்று படமெடுக்கும் வேலைக்கு இது உண்மையான ஆபத்து.

மாடிப்பார்வை

நான் கட்டடத்தைச் சுற்றி 10 மீட்டர் அடைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். இந்த 48 மீட்டர் கணக்கு என்னை உட்கார வைத்துவிட்டது. கையேட்டில் குறைந்தபட்ச உயரம் 25 மீட்டர் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் கட்டடத்தின் பாதிக்கும் அதிகமான பகுதியில், கீழ் மாடிகளில், பாராசூட்டுக்கு வேலையே இல்லை.

லாக் எடுத்தேன். விரிவதற்கு முன்பு ஏறக்குறைய அரை நொடிக்கு அதிர்வு மிக அதிகமாக இருக்கிறது. ஆனால் ட்ரோனின் லாக்கில் அதே நேரத்தில் அதிர்வு சாதாரணமாகவே இருக்கிறது.

சுழலி4

அதுதான் விடை. ட்ரோன் அதிரவில்லை, பெட்டி மட்டும் அதிர்ந்திருக்கிறது. பெட்டியைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். திருகு இறுக்கமாக இருந்தும் பிராக்கெட்டில் மயிரிழை விரிசல் இருக்கலாம்.

இன்னொரு கேள்வி. அந்தப் பாராசூட் உங்கள் மாடலுக்கென்றே சோதிக்கப்பட்டதா, இல்லை பொதுவானதா? சிறிய ட்ரோன்களின் பாராசூட்டுக்கென்று ஏஎஸ்டிஎம் என்ற தரநிலை அமைப்பு 2018இல் கொண்டுவந்த எஃப்3322 என்ற தரநிலை ஒன்று உண்டு. அதில் பாராசூட்டைத் தனியாகச் சோதித்துச் சான்று கொடுப்பதில்லை, குறிப்பிட்ட ட்ரோனோடு சேர்த்துத்தான் சோதிக்கிறார்கள். ஒரு மாடலில் தேறிய பாராசூட் இன்னொன்றில் தேறியதாக ஆகாது. மோட்டாரைத் தானாக நிறுத்தும் வசதியும் அதில் முக்கியம். இறக்கை சுற்றிக்கொண்டிருக்கும்போது கயிறு வந்தால் சிக்கி எல்லாம் சேர்ந்து விழும். உங்களுக்கு மோட்டார் நின்றிருக்கிறது, அந்த மட்டில் நல்லது.

மேல்தட்டில் வைத்திருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன், ஜிபிஎஸ் ஆன்டெனாவையோ மேல்நோக்கிய சென்சாரையோ பெட்டி மறைக்கிறதா? உயரமான கட்டடங்களுக்கு நடுவில் ஜிபிஎஸ் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி ஏற்கெனவே இடத்தைத் தப்பாகக் காட்டும். அதன் மேல் இதுவும் சேர வேண்டாம்.

பாலிசிப்பக்கம்

நான் சில வருடம் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவன். காப்பீட்டுக் கேள்விக்கு வருகிறேன். முதலில், உங்களிடம் இருப்பது என்ன பாலிசி? ட்ரோனுக்கென்றே எடுத்ததா, தொழிலுக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடா?

மாடிப்பார்வை

தொழிலுக்கான பொதுக் காப்பீடு இருக்கிறது. ட்ரோனுக்குத் தனியாக ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், வரைவு வந்திருக்கிறது, இன்னும் கையெழுத்திடவில்லை.

பாலிசிப்பக்கம்

கையெழுத்திடாதது நல்லதாயிற்று. பொதுப் பொறுப்புக் காப்பீடுகளில் 'விமானங்களால் ஏற்படும் சேதம் சேராது' என்று ஒரு விலக்கு வழக்கமாக இருக்கும். ட்ரோனும் அதில் விமானம்தான். நிறையப் பேர் அந்தப் பாலிசியை நம்பிப் பறக்கிறார்கள், விபத்து நடந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ட்ரோன் பாலிசியில் இரண்டு பகுதி. ட்ரோனுக்கு ஏற்படும் சேதம் ஹல் பகுதி. கீழே இருக்கும் மனிதர், கார், கண்ணாடி இவற்றுக்கானது மூன்றாம் நபர் பொறுப்பு. உங்கள் பாராசூட் தானாக விரிந்து கால் உடைந்ததே, அது ஹல். அதே ட்ரோன் ஒரு கார் மேல் இறங்கியிருந்தால் மூன்றாம் நபர் பகுதி. இரண்டிலும் 'பாதுகாப்புக் கருவி தவறாக இயங்குவது' சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் 'சேரும் சேரும்' என்று சொன்னது கிளெய்மில் நிற்காது.

வரைவில் நான் தேடும் இடங்களைச் சொல்கிறேன். கூட்டத்துக்கு மேலோ, தொடர்பில்லாத ஆட்களுக்கு மேலோ பறப்பதற்கு விலக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், நகர வேலையில் இதுதான் உயிர்நாடி. பாலிசியில் எழுதியிருப்பது எந்த ட்ரோன், எந்த வரிசை எண், எந்த விமானி? பாராசூட் மாட்டியது ட்ரோனில் செய்த மாற்றம், அதைத் தெரிவித்தாக வேண்டும். நீங்கள் வேலை செய்யும் பொருளுக்கே ஏற்படும் சேதத்தை விலக்கும் வரி ஒன்றும் இருக்கலாம். அப்படியானால் சுவர்க் கண்ணாடி உடைந்தால் அது சேருமா என்பது பெரிய கேள்வி. ஜன்னல் வழியாக யாராவது படத்தில் பதிந்து தனியுரிமை வழக்கு வந்தால் அதையும் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி இருக்கும்: சட்டப்படி பறந்தால் மட்டுமே காப்பீடு செல்லும். அனுமதி இல்லாத வான்பகுதி, எடை வரம்பு மீறல், விதியில் சொன்ன தூரத்தைவிட நெருங்கியது என்று ஏதாவது ஒன்று இருந்தால் பிரீமியம் கட்டியதற்கே பயன் இருக்காது. கேமராவும் பாராசூட்டும் சேர்ந்து, தயாரிப்பாளர் சொன்ன அதிகபட்ச எடைக்குள் இருக்கிறதா?

கட்டட நிர்வாகம் என்ன கேட்கிறது என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வெறும் சான்று, பாலிசி ஒன்று இருக்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். அவர்கள் மேல் வழக்கு வந்தால் அவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்றால், அவர்கள் பெயரைப் பாலிசியிலேயே எண்டார்ஸ்மெண்ட், அதாவது பாலிசியோடு சேரும் திருத்தக் குறிப்பு, போட்டுச் சேர்க்க வேண்டும்.

கயிறும் காற்றும்

ஒரு சேர்க்கை. பறந்த நாளின் காற்றளவு, பறப்பதற்கு முன் சரிபார்த்த பட்டியல், பேட்டரி சுற்று எண்ணிக்கை, பாராசூட் கடைசியாக மடிக்கப்பட்ட தேதி, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். விரிந்த பாராசூட்டை நீங்களே மடிக்க வேண்டாம், தயாரிப்பாளர் அனுமதித்தவரிடம் கொடுங்கள். ஒருமுறை எனக்கு மடித்துக் கொடுத்த இடத்தில், துணியை வெளியே தள்ளிவிடும் வாயுக் குப்பியின் காலாவதித் தேதி தாண்டியிருந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். பறக்கும் நாள் காலையில் நான் லேபிளைப் படித்ததால்தான் தெரிந்தது. அன்று பறக்கவில்லை.

மாடிப்பார்வை

பத்து நாள் கழித்து வருகிறேன். பிராக்கெட்டில் விரிசல் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. மாற்றிவிட்டேன். பாராசூட் என் மாடலுக்குச் சோதிக்கப்பட்டதுதான், தயாரிப்பாளரே மடித்துக் கொடுத்தார்கள். ஸ்போர்ட் மோடை இயங்காதபடி பூட்டி, இறங்கும் வேகத்தை 3 மீட்டராகக் குறைத்து 20 தடவை மைதானத்தில் பறந்தேன், ஒருமுறைகூட விரியவில்லை. எடை வரம்புக்குள் 200 கிராம் மிச்சம் இருக்கிறது.

வரைவில் பாலிசிப்பக்கம் சொன்ன அந்த விலக்கு இருந்தது. 'தொடர்பில்லாத ஆட்களுக்கு மேல்' என்று நேராகவே எழுதியிருக்கிறது. அடைப்புத் திட்டத்தை வரைபடமாகக் கொடுத்து விளக்கம் கேட்டேன். அடைத்த பகுதிக்குள் ஆள் இல்லாமல், காற்று நொடிக்கு 4 மீட்டருக்குள் இருந்தால் செல்லும் என்று எழுத்தில் தந்தார்கள். பாராசூட் தவறாக விரிவதும் சேரும் என்றார்கள். ஆனால் அந்த 4 மீட்டர் காற்றுக்கே 8 நொடிக் கணக்கில் 32 மீட்டர் அடைக்க வேண்டும், சாலைப் பக்கம் அவ்வளவு இடமே இல்லை.

கயிறும் காற்றும்

சாலைப் பக்கத்துக்கு ட்ரோன் தேவையா என்று யோசித்தீர்களா? எதிர்க் கட்டடத்து மாடியிலிருந்து முக்காலியில் நீண்ட லென்ஸ் வைத்து எடுத்தால் விரிசல் தெரியும். எல்லாச் சுவரையும் ஒரே கருவியில் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மாடிப்பார்வை

நிர்வாகத்திடம் இதையே சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். சாலைப் பக்கம் லென்ஸ், மற்ற மூன்று பக்கமும் ட்ரோன். வாகன நிறுத்தத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கக் காலி செய்து தருகிறார்கள். இரண்டு பார்வையாளர்களை மூலைகளில் நிறுத்துகிறேன், யாராவது அடைப்புக்குள் வந்தால் வாக்கி-டாக்கியில் சொன்னவுடன் ட்ரோனைச் சுவரிலிருந்து விலக்கி, காலியான இடத்தில் இறக்குவது என்று பேசி வைத்திருக்கிறோம். 25 மீட்டருக்குக் கீழுள்ள மாடிகளைக் கடைசியாக, அடைப்பை மறுபடி சரிபார்த்த பிறகே எடுக்கப் போகிறேன். நிர்வாகத்தின் பெயரைச் சேர்த்த எண்டார்ஸ்மெண்ட் இன்று கைக்கு வந்தது.