மலைமேல் மெட்டல்: முதன்முதலில் கேட்ட கதையைச் சொல்லுங்கள்

குன்னூர் குளிர்:

பக்கத்து வீட்டுத் தம்பி, பன்னிரண்டாம் வகுப்பு, போன வாரம் வந்து "அண்ணா, ஹெவி மெட்டல் கேக்கணும், எங்க ஆரம்பிக்கிறது?" என்றான். கனத்த கிட்டார் சத்தத்தோடு வருகிற ராக் இசைதான் ஹெவி மெட்டல். யாரோ புண்ணியவான் ஏற்கெனவே அவனுக்கு ஸ்லேயர் இசைக்குழுவின் 'ரெய்ன் இன் பிளட்' (1986) ஆல்பத்தை அனுப்பியிருக்கிறார். மொத்தமே 29 நிமிடம்தான், ஆனால் இவன் நாலாவது நிமிடத்திலேயே இயர்போனைக் கழற்றிவிட்டானாம். எனக்கு அந்த ஆல்பம் உயிர். இருந்தாலும் அதை முதலில் கொடுப்பது, சோறு ஊட்டத் தொடங்கிய குழந்தைக்கு ஆவக்காய் ஊறுகாயைத் தொட்டு வைப்பது மாதிரி. மெதுவாக இருப்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி.

என் கதை இது. கல்லூரி லீவு, ஐப்பசி மழை, கரண்ட் இல்லை, ராத்திரி பதினொன்று இருக்கும். மாமா பையனின் எம்பி3 பிளேயரில் பிளாக் சப்பாத் இசைக்குழுவின் முதல் ஆல்பத்தைப் போட்டேன். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. ஆரம்பத்தில் பாட்டே இல்லை, மழைச் சத்தம். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் ஒரு சர்ச் மணி. எங்கள் வீட்டுக்கு மேலே நிஜமாகவே ஒரு சர்ச் உண்டு, இந்த நேரத்தில் யார் மணி அடிப்பது என்று இயர்போனைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே மழை மட்டும்தான். திரும்ப மாட்டினால் கிட்டார் விழுந்தது. மூன்றே சுரம், அதுவும் அவசரமே இல்லாமல். பாட்டு தெரிந்தவர்களுக்குச் சொன்னால், சட்ஜத்திலிருந்து பிரதி மத்யமம். கல்யாணியில் நாம் கொஞ்சுகிற அதே சுரம்தான், இங்கே முதுகில் ஐஸ் வைத்தது. அன்றைக்கு ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை, சிரிக்காதீர்கள்.

அப்புறம்தான் அந்தக் கிட்டாரை வாசித்த டோனி அயோமியின் கதை தெரிந்தது. பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை. பதினேழு வயது, அன்றைக்கு வேலையில் கடைசி நாள். மெஷின் வலது கையில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியையும் எடுத்துவிட்டது. அவர் இடது கைக்காரர் என்பதால் கிட்டாரில் தந்தியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்தி மாட்டி மறுபடி வாசித்தார். பின்னால் கிட்டாரின் சுருதியையும் இறக்கினார், தந்தி தளர்ந்தால் விரல் வலி குறையும், சத்தமும் கனமாக வரும். 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தைக் கேட்டால் அந்தக் கனம் புரியும்.

என் சித்தப்பா டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். ஒரு நைட் ஷிஃப்டில் ரோலரில் சிக்கி இடது மோதிரவிரல் நுனி போயிற்று. அதற்கு முன்னால் சர்ச்சில் கிட்டார் வாசிப்பார். அயோமி கதையை அவரிடம் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டவர், முடிவில் ஒன்றே ஒன்று கேட்டார்: "எந்த வெரலு?" சொன்னேன். கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மறுபடி கிட்டாரை எடுத்தார் என்றெல்லாம் எழுத ஆசைதான், எடுக்கவில்லை. ஆனால் 2025 ஜூலை 5-ஆம் தேதி பர்மிங்ஹாமில் சப்பாத்தின் கடைசிக் கச்சேரி நடந்தபோது, அவர்களுடைய பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் உட்கார்ந்தபடியே பாடினாரே, அந்த வீடியோவை என் போனில் கடைசி வரைக்கும் பார்த்தார். பதினேழு நாளில் ஆஸி இறந்துபோனார். செய்தியை எனக்கு முதலில் போன் பண்ணிச் சொன்னது சித்தப்பாதான்.

கோத்தகிரி கிட்டார்:

குன்னூர் அண்ணன் கட்சியில் நான் சேர மாட்டேன். நம்ம ஊர் காதுக்கு மெட்டு வேண்டும், அதனால் அயர்ன் மெய்டன் இசைக்குழுதான் முதல். இரண்டு கிட்டாரும் ஒரே மெட்டை மேலும் கீழுமாகச் சேர்ந்து வாசிக்கும், ஜோடி நாயனம் கேட்டு வளர்ந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ், அதாவது கீழ் சுரம் வாசிக்கிற கிட்டார், குதிரை ஓடுகிற மாதிரி கூடவே வரும். 1982-இல் வந்த 'தி நம்பர் ஆஃப் த பீஸ்ட்' போதும், புரூஸ் டிக்கின்சன் அவர்களோடு பாடிய முதல் ஆல்பம்.

2007 மார்ச் 17, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ். வீட்டில் இன்டர்வியூ என்று சொல்லிவிட்டு முந்தின நாளே ஊட்டியில் பஸ் ஏறினேன், பந்திப்பூரில் யானைக்காக அரை மணி நேரம் நின்றது. ஊர்ப் பழக்கத்தில் ஸ்வெட்டரோடு போய்விட்டேன், மார்ச் மாதப் பெங்களூருவில், அந்தக் கூட்டத்தில்! இடுப்பில் கட்டியதை எவனோ உருவிக்கொண்டு போனான். முதல் பாட்டிலேயே ஆயிரக்கணக்கான பேர் ஒரே குரலில் பாடினார்கள். அதுவரைக்கும் இந்தப் பாட்டெல்லாம் எனக்கும் என் கேசட் ரெக்கார்டருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்பியபோது தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அம்மா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, "இன்டர்வியூல ரொம்ப பேச விட்டாங்களோ?" என்றார்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் மும்பைக்கு வந்தார்கள், டிக்கின்சனே விமானி, தங்கள் விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு சுற்றிய பயணம் அது. என்னிடம் பஸ்ஸுக்கே காசில்லை.

பூம்பாறைப் பூண்டு:

கொடைக்கானல் பக்கமிருந்து ஒருத்தி. மெட்டல் என்றால் அண்ணன் தம்பிகள் சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன். வத்தலகுண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸில் ஹாஸ்டல் தோழி இயர்போனில் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தாள். ஆர்ச் எனிமி இசைக்குழு, ஸ்வீடன்காரர்கள், 'வேஜஸ் ஆஃப் சின்' ஆல்பம். உள்ளே ஒரு உறுமல், கரடி மாதிரி. "யாருடி இந்த ஆளு?" என்றேன். பதிலே சொல்லாமல் போட்டோவைக் காட்டினாள். ஆஞ்சலா கோஸோ, ஜெர்மனிக்காரி. பெருமாள்மலை வரும் வரைக்கும் நான் வாயை மூடவில்லை.

வளைவுக்கு வளைவு வாந்தி வருகிற ரோட்டில் அன்றைக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு மெட்டல் காரணமா, எலுமிச்சம்பழம் காரணமா தெரியாது. உறுமல் குரலைப் பற்றி ஒன்று: வார்த்தையைப் பிடிக்கப் பார்க்காதீர்கள், அதையும் ஒரு வாத்தியமாகவே கேளுங்கள். அது பழகிய பிறகு 'டெத்' இசைக்குழுவின் 'சிம்பாலிக்' (1995). அதில் பாடிய சக் ஷுல்டினர் 34 வயதில் போய்விட்டார், அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

குன்னூர் குளிர்:

கோத்தகிரித் தம்பி, ஜோடி நாயனம் சொன்னீர்கள் பாருங்கள், அதற்கு மேல் என்னால் வாதாட முடியாது. ஆனால் அந்த ஜோடி கிட்டாருக்கு ஜூடாஸ் பிரீஸ்ட் இசைக்குழுவையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர்களும் பர்மிங்ஹாம் பக்கத்து ஆட்கள்தான். மெட்டாலிகாவை யாருமே சொல்லவில்லை! 2011 அக்டோபர் 28 குர்கான் கச்சேரி கடைசி நேரத்தில் நின்றுபோனது, என் நண்பன் அதற்குத்தான் டிக்கெட் வாங்கியிருந்தான். 30-ஆம் தேதி பெங்களூருவில் நான் பார்த்ததை அவனிடம் இன்றுவரை முழுசாகச் சொன்னதில்லை. மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்' (1986) ஆல்பம் கேட்கும்போது பேஸைக் கவனியுங்கள். அதை வாசித்த கிளிஃப் பர்ட்டன் அதே வருடம் செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து இறந்தார்.

கூடலூர் புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். குன்னூர் அண்ணா சொன்ன மழையும் மணியும் வரும் பாட்டை இப்போதுதான் போன் ஸ்பீக்கரில் போட்டேன். மழை கேட்டது, மணி கேட்டது. அதற்கப்புறம் கொசு ரீங்காரம் மாதிரி ஏதோ வந்தது, பயமே வரவில்லை. நான் ஏதாவது தப்புப் பண்ணுகிறேனா?

குன்னூர் குளிர்:

போன் ஸ்பீக்கரில் கீழ் சுரம் எதுவும் வராது தம்பி, பாதிப் பாட்டு அங்கேயே போச்சு. நல்லதாக ஒரு இயர்போன் கடன் வாங்குங்கள். ராத்திரி பதினொன்றுக்கு மேல் போடுங்கள். மழை உங்கள் ஊரில் தானாக வரும்.