வடசேரி நகைத் தளத்துக்கு டெடிகேட்டட் சர்வரா, விபிஎஸ்ஸா?

வடசேரி_கெம்பு:
வணக்கம். எங்கள் குடும்பம் நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிறது. தலைசாமான், ராக்கொடி, ஒட்டியாணம் என்று பரதநாட்டிய செட்டுகள்தான் அதிகம். வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருளில் 1,400 பொருட்கள் போட்டு விற்கிறோம். இப்போது இருப்பது ஷேர்டு ஹோஸ்டிங், ஒரே சர்வரில் பல தளங்கள் ஓடும். மற்ற மாதங்களில் ஒப்பேற்றிவிடுகிறது. கார்த்திகை பிறந்து மார்கழிக் கச்சேரி ஆர்டர்கள் வரத் தொடங்கினால் படுத்துவிடுகிறது. போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை முழுக்க 503, அதாவது ‘சர்வரால் இப்போது முடியாது’ என்ற பிழை. வெளிநாட்டில் இருக்கும் நடன ஆசிரியை ஒருவர் 16 செட்டைக் கார்ட்டில் போட்டுவிட்டு, பணம் கட்டும் பக்கம் திறக்காமல், ஸ்கிரீன்ஷாட்டை அப்பாவின் வாட்ஸாப்புக்கு அனுப்பினார். அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை.

கையில் இரண்டு கொட்டேஷன் இருக்கிறது. விபிஎஸ் (ஒரு மெஷினைப் பலருக்குப் பிரித்துத் தருவதில் ஒரு பங்கு): 4 கோர், 8 ஜிபி, மாதம் 2,200 ரூபாய். டெடிகேட்டட் (முழு மெஷினும் நமக்கே): 8 கோர், 32 ஜிபி, மாதம் 11,000. எதை எடுக்கலாம்?

தக்கலை_ரூட்:
டெடிகேட்டட் எடுங்க தம்பி. விபிஎஸ்ஸில் 4 கோர் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் நான்கு திரெட்தான் (ஒரு நிஜக் கோரை இரண்டாகக் காட்டுவது), அதையும் பக்கத்து வாடகைக்காரர்களோடு பங்கு போட வேண்டும். ஒரே கிணற்றில் பத்து மோட்டார் போட்ட கதை. எல்லாரும் ஒரே நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் உங்கள் குழாயில் காற்றுதான் வரும். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு முன்பதிவுத் தளம் தினமும் காலை பத்து மணிக்குத் திணறும். எது சிபியுவைத் தின்கிறது என்று காட்டும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பிராசஸ்கள் சும்மா கிடக்கின்றன, கடைசியில் இருக்கும் ‘எஸ்டி’ மட்டும் 23 சதவீதம். நமக்கு வர வேண்டிய சிபியு நேரத்தில் அவ்வளவை, மெஷினைப் பிரித்துக் கொடுக்கும் ஹைப்பர்வைசர் வேறு ஆளுக்குக் கொடுக்கிறது. அதற்கு நாம் என்ன டியூனிங் செய்தாலும் தீராது. தனி மெஷினுக்கு மாற்றிய அன்றோடு அந்தத் தொல்லை நின்றது.

குலசேகரம்_மழை:
அண்ணாச்சி சொல்வது பங்கு போடும் மலிவுத் திட்டங்களுக்குச் சரி. ஆனால் இவருக்குக் கூட்டம் வருவது இரண்டு மாதம். மீதிப் பத்து மாதம் 32 ஜிபி எதற்கு? விபிஎஸ்ஸில் ஐப்பசி கடைசியில் ரீசைஸ் பண்ணி (அளவை ஏற்றி), ஒரு ரீஸ்டார்ட் கொடுத்து, தை பிறந்ததும் இறக்கிவிடலாம். அப்புறம், தனி மெஷினில் பவர் சப்ளை போனால் டேட்டா சென்டரில் ஒரு ஆள் வந்து கழற்றி மாட்டும் வரை கடை மூடித்தான் கிடக்கும். நான் ஒருமுறை அப்படி ஏழு மணி நேரம் காத்திருந்தேன். விபிஎஸ்ஸில் அடியில் இருக்கும் மெஷின் பழுதானால் வேறு மெஷினில் தூக்கி வைப்பார்கள். அப்டேட்டுக்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து முழு நகல்) எடுத்து வைக்கலாம், கெட்டுப்போனால் சில நிமிடத்தில் பழைய நிலை.

தக்கலை_ரூட்:
ஏற்றி இறக்கலாம் என்பதில் ஒரு சிக்கல் உண்டு மக்கா. ராம், சிபியு இறங்கும். டிஸ்க்கையும் சேர்த்து ஏற்றிவிட்டால் பல இடங்களில் அதைக் குறைக்க முடியாது. அடிமெஷின் போனால் தூக்கி வைப்பார்கள் என்பதும் டிஸ்க் அந்த மெஷினுக்கு வெளியே, நெட்வொர்க் ஸ்டோரேஜில் இருந்தால்தான். டேட்டா அந்த மெஷினுக்குள்ளேயே இருந்தால் நீங்களும் காத்திருக்கத்தான் வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

இரணியல்_தறி:
இரண்டு பேரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, 503 வந்த அன்று எது தீர்ந்தது என்று பார்த்தீர்களா? வூகாமர்ஸில் பொருள் பக்கங்களைக் கேஷ் பண்ணலாம், அதாவது ஒருமுறை தயாரித்த பக்கத்தையே எல்லாருக்கும் கொடுக்கலாம். கார்ட், செக்அவுட் பக்கங்களைக் கேஷ் பண்ணக் கூடாது, ஒவ்வொரு தடவையும் பிஹெச்பியும் டேட்டாபேஸும் ஓடியே ஆக வேண்டும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் பிஹெச்பி வொர்க்கர் (ஒரு நேரத்தில் ஒருவருக்குப் பக்கம் தயாரிக்கும் பிராசஸ்) விரல் விட்டு எண்ணும் அளவுதான் தருவார்கள். எல்லாம் பிஸியானால் அடுத்த ஆள் வெளியே நிற்க வேண்டியதுதான். 8 ஜிபி மெஷினில் டேட்டாபேஸுக்கு 3 ஜிபி ஒதுக்கினாலும், வொர்க்கருக்கு 80 எம்பி வைத்தால் ஐம்பது பேருக்கு மெமரியில் இடம் உண்டு. அதற்கு முன்பே சிபியுதான் தீரும். முதலில், டேட்டாபேஸில் நேரம் தின்னும் கேள்விகளைக் குறித்து வைக்கும் ஸ்லோ குவரி லாகைத் திறந்து பாருங்கள். படங்களின் சைஸையும் பாருங்கள்.

கொல்லங்கோடு_கடல்:
யாரும் பேக்கப் பற்றிப் பேசவில்லையே? 2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் கட்டிடம் ஒன்று எரிந்தே போனது. டெடிகேட்டட் வைத்தவர், விபிஎஸ் வைத்தவர் என்ற வித்தியாசமே இல்லை, வெளியே காப்பி வைக்காதவர்கள் இழந்தார்கள். ரெய்டு 1 (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவது) போட்டால் ஒரு டிஸ்க் செத்தாலும் ஓடும், ஆனால் தவறுதலாக அழித்த ஆர்டர் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். ஸ்னாப்ஷாட்டும் அதே கம்பெனியில்தானே கிடக்கிறது. கடையில் ஒரு ஹார்ட் டிஸ்க் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம்? எங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் போய், அதில் இருந்த அத்தனையும் போனது. ஒரு காப்பி கடையில், இன்னொன்று வேறு ஊரில் வேறு கம்பெனியில் இருக்கட்டும்.

வடசேரி_கெம்பு:
எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். இரணியல் அக்கா கேட்டது சரிதான், படங்கள் ஒவ்வொன்றும் 5 எம்பி. கெம்புக் கல்லின் சிவப்பு தெரிய வேண்டும் என்று அண்ணன் கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறார். வெப்பி (WebP) என்ற இணையப் பட வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தேன், 300 கேபிக்குள் அடங்குகிறது, கல்லின் நிறமும் மங்கவில்லை. ஒரு விபிஎஸ்ஸை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்துத் தளத்தின் நகலை ஓடவிட்டேன். ‘எஸ்டி’ பகலில் ஒன்றுக்குக் கீழே, இரவு எட்டு மணிக்கு 11. எங்களுக்கு வெளிநாட்டு ஆர்டர் வருவதும் அந்த நேரத்தில்தான்.

தக்கலை_ரூட்:
அந்த 11-ஐத்தான் சொன்னேன். ராத்திரி எட்டு மணிக்கு அது டிசம்பரில் ஏறும், குறையாது.

குலசேகரம்_மழை:
ஒப்புக்கொள்கிறேன், அந்தத் திட்டம் வேண்டாம். ஆனால் டெடிகேட்டட்டுக்குத் தாவ வேண்டியதில்லை. சிபியுவைப் பங்கு போடாமல் உங்களுக்கே ஒதுக்கித் தரும் விபிஎஸ் உண்டு, விலை இரண்டுக்கும் நடுவில் வரும். அதையும் மணிக்கணக்கில் எடுத்து இரவு எட்டுக்கு ஒரு வாரம் பாருங்கள்.

தக்கலை_ரூட்:
அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. அங்கேயும் எஸ்டி ஏறினால் டெடிகேட்டட்தான், அதிலும் இரண்டு டிஸ்க் ரெய்டு 1 உள்ளதாகக் கேளுங்கள். ராத்திரி பேட்ச் (பிழை திருத்தும் அப்டேட்) போட, லாக் பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறதா?

வடசேரி_கெம்பு:
நான்தான் இருக்கிறேன், கற்றுக்கொண்டு வருகிறேன். ஒதுக்கிய சிபியு விபிஎஸ்ஸைச் சோதித்துவிட்டு எண்களை இங்கே போடுகிறேன். மாற்றுவதை ஆடியில் வைத்துக்கொள்கிறோம், அப்போதுதான் ஆர்டர் குறைவு.

இரணியல்_தறி:
நல்ல முடிவு தம்பி. மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிஎன்எஸ் டிடிஎல்லை 300 வினாடி ஆக்கிவிடுங்கள், அப்போதுதான் புது சர்வரின் முகவரி எல்லாருக்கும் சீக்கிரம் போய்ச் சேரும். மாற்றும் நேரத்தில் பழைய தளத்தில் ஆர்டர் எடுப்பதை நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் பாதி ஆர்டர் அங்கே, பாதி இங்கே என்று ஆகிவிடும்.