மாம்பலம் வீடு குரூப்: பாட்டியின் கோலப் பக்கம்

சாந்தி: அண்ணா, மார்கழி வரப்போகிறது. அம்மாவின் கோலங்களை ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டாயே, அது இருக்கிறதா?

முரளி: இலவசமாகப் பக்கம் போட இடம் கொடுத்த ஜியோசிட்டிஸ் தளத்தில் இருந்தது சாந்தி. யாஹூ 2009 அக்டோபரில் அதையே மூடிவிட்டது. லிங்க்கைத் தட்டினால் எதுவும் வராது. ஸ்கேன் செய்து வைத்த கம்ப்யூட்டரும் போய்விட்டது.

கவிதா: பெரியப்பா, அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடாதீர்கள். மூடுவதற்கு முன்னால் ஆர்க்கைவ் டீம் என்ற குழுவின் தன்னார்வலர்கள் அந்தப் பக்கங்களை முடிந்தவரை இறக்கி வைத்தார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பும் 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்து வருகிறது. அந்தச் சேமிப்பைக் காட்டும் வேபேக் மெஷினில் தேடலாம். ஆனால் கூகுளில் போடுவதுபோல் "கோலம்" என்று போட்டால் கிடைக்காது. முழு முகவரி வேண்டும்.

முரளி: முகவரியில் ஏதென்ஸ் வரை நினைவிருக்கிறது. ஜியோசிட்டிஸில் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஏதென்ஸ் மாதிரி ஒரு பேட்டை, அதற்குள் கதவு எண் மாதிரி ஓர் எண். அந்த எண்தான் மறந்துவிட்டது.

சாந்தி: அம்மாவுக்குக் காட்ட ஒரு தாள் பிரின்ட் எடுத்து வந்தாய். அது என் பீரோவில் இருக்கிறது.

கவிதா: அத்தை!! அந்தத் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் முகவரி இருக்கும். பிரவுசரே அச்சடித்துவிடும். உடனே போட்டோ அனுப்புங்கள்.

சாந்தி: (படம்)

கவிதா: கிடைத்துவிட்டது! 2001-இல் சேமித்த பிரதி. ஆனால் எழுத்தெல்லாம் கொக்கியும் புள்ளியுமாகத் தெரிகிறது.

முரளி: அது திஸ்கி, பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறை. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் அதற்கான எழுத்துருவை இறக்கியவர்களால்தான் படிக்க முடியும். அப்படியே காப்பி செய்து என்.எச்.எம். கன்வர்ட்டரில் யூனிகோடாக மாற்றிப் பார்.

கவிதா: "சந்துப் புள்ளி, 15 முதல் 8 வரை. அம்மா நடுவிலிருந்துதான் ஆரம்பிப்பாள்."

சாந்தி: ஆமாம், நடுவிலிருந்துதான்!

கார்த்திக்: அக்கா, சில கோலங்கள் திறக்கவில்லையே?

கவிதா: வேபேக் எல்லாக் கோப்பையும் ஒரே நாளில் எடுத்திருக்காது கார்த்திக். முகவரிக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். அதன் கீழ் சேமித்த கோப்புகள் எல்லாம் பட்டியலாக வந்தன. விட்டுப்போன படங்களில் பாதி வேறு தேதிகளில் இருக்கின்றன. தேர்க்கோலம் மட்டும் எதிலும் இல்லை.

முரளி: கெஸ்ட்புக், அதாவது பார்க்க வந்தவர்கள் எழுதிவிட்டுப் போகும் பக்கம், இருக்கிறதா பார் அம்மா. டொரண்டோவிலிருந்து ஒருவர், தன் தாயார் யாழ்ப்பாணத்தில் போட்ட கோலமே இது என்று எழுதியிருந்தார். உன் பாட்டி அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். எனக்குக் கோலங்களைவிட அதுதான் வேண்டும்.

கவிதா: கெஸ்ட்புக் வேறு ஒரு தளத்தில் இருந்திருக்கிறது பெரியப்பா. அந்த லிங்க் பக்கத்தின் அடியில் அப்படியே இருக்கிறது. அதையும் வேபேக்கில் போட்டுப் பார்க்கிறேன். முதல் பக்கம் மட்டும் கிடைத்தாலும் போதுமா?

முரளி: போதும். அவர் எழுதியது முதல் பக்கத்தில்தான் இருந்தது.

கார்த்திக்: கிடைத்த படங்களை நான் பென் டிரைவில் ஒன்று, அம்மா லேப்டாப்பில் ஒன்று போட்டு வைக்கிறேன் மாமா.