ஒரு கட்டையை அழுத்தினால் ஆறு கட்டை

வேப்பேரியில் என் மாமா பாடகர் குழுவில் இருந்த ஆலயத்தில்தான் ஹேமண்ட் என்ற மின் ஆர்கனை முதன்முதலில் தொட்டேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் கொடுத்த பி-3 மாடல் அது. நான்கு பேர் கை கொடுத்தால்தான் அசையும். ஆசையோடு ஒரு கட்டையை (C) அழுத்தினேன், கீழ் ஆறு கட்டை (A) கேட்டது. எந்த ஸ்வரத்தைத் தொட்டாலும் மூன்று அரை ஸ்வரம் இறங்கியே ஒலித்தது.

ரிச்சி தெருவில் கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர் வந்து பின்பலகையைக் கழற்றினார். குப்பென்று எண்ணெய் வாசனை. "உள்ளே 91 சக்கரம் இருக்கிறது தம்பி, எல்லாவற்றையும் ஒரே மோட்டார் சுற்றுகிறது" என்றார். சக்கரத்தின் விளிம்பில் மேடும் பள்ளமும் இருக்கும். காந்தத்தின் முன் அது சுற்றும்போது பக்கத்துக் கம்பிச் சுருளில் மின் அலை பிறக்கும், அதுதான் ஸ்வரம். மோட்டாரின் வேகமோ மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. அமெரிக்காவில் 60, நமக்கு 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைத்துத் தரும், ஹெர்ட்ஸை மாற்றாது. மூன்று அரை ஸ்வரம் மேலே தள்ளி வாசித்தே இரண்டு வருடம் ஓட்டினேன்.

ஆனால் அந்த ஒலி! பக்கத்தில் லெஸ்லி என்ற ஸ்பீக்கர் பெட்டி நின்றது. உள்ளே மேலே ஒரு கொம்பும் கீழே ஒரு உருளையும் சுழலும். சுவிட்சைத் தட்டினால் கொம்பு சட்டென்று வேகம் பிடிக்கும், கனமான உருளை சில விநாடி தயங்கித்தான் பின்தொடரும். அந்த இடைவெளியில், பல ஸ்வரங்கள் சேர்ந்த கார்டு (chord) ஒன்று விரிந்து எழுவதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

பிறகு நான் வாங்கிய முதல் கீபோர்டில் 'ஆர்கன்' என்று பொத்தான் இருந்தது. சுழலும் லெஸ்லியோடு சேர்த்துப் பதிவு செய்த சாம்பிளை வைத்திருந்தார்கள். ஒரே பதிவை மேல் ஸ்வரங்களுக்கு வேகமாக ஓட்டியதால், மேலே போகப் போக லெஸ்லியும் வேகமாகச் சுற்றியது. இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் இரண்டு பெட்டிகள் இரண்டு வேகத்தில் சுற்றுவது போல் கேட்கும். அழுகையே வந்தது.

பல வருடம் கழித்து அண்ணா சாலைக் கடை ஒன்றில், சாம்பிள் இல்லாமல் சக்கரங்களையே கணக்கிட்டு ஒலிக்கும் கீபோர்டை வாசித்தேன். அதில் 91 சக்கரங்களும் எப்போதும் 'ஓடிக்கொண்டே' இருக்கின்றன, கட்டை கதவைத் திறக்கிறது, அவ்வளவுதான். ஒலியின் சாயலை மாற்ற இழுத்துத் தள்ளும் ஒன்பது டிராபார்களையும் இழுத்துப் பார்த்தேன். பழைய ஆர்கனில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒன்பது தொடர்புக் கம்பிகள் உண்டு. அவை ஒரே கணத்தில் தொடாததால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தக் காலத்தில் அதைக் குறையென்று நினைத்து ஒழிக்கப் பார்த்தார்கள். இந்தக் கீபோர்டிலோ அந்த 'டிக்' எவ்வளவு வேண்டும் என்று கூட்டிக் குறைக்கத் தனியாக ஓர் அமைப்பு! ஸ்வரத்தின் தொடக்கத்தில் ஒரு தட்டலைச் சேர்க்கும் பர்கஷனைப் போட்டதும் ஒன்பதாவது டிராபார் ஊமையானது, நிஜத்தில் நடப்பது போலவே. விரலை எடுக்காமல் அடுத்த ஸ்வரத்துக்குப் போனால் பர்கஷன் மறுபடி தட்டவில்லை. அங்கேயே முன்பணம் கட்டிவிட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடையில் டெமோ பாட்டைக் கேட்காதீர்கள். இடது கையில் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு லெஸ்லி சுவிட்சைத் தட்டுங்கள். கொம்பும் உருளையும் தனித்தனியாக வேகம் பிடிப்பது காதில் பிரிந்து விழ வேண்டும். எல்லாம் ஒன்றாக ஏறினால் வேறு கீபோர்டைப் பாருங்கள்.

ஆனாலும் ஹெட்ஃபோனில் ஒரு குறை எனக்குத் தீரவில்லை. லெஸ்லியின் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி அறையையே சுற்றிவரும், அதை இரண்டு காதுக்குள் அடைக்க முடிவதில்லை. என் கீபோர்டின் பின்னால் லெஸ்லியை இணைக்க 11 பின் (pin) சாக்கெட் இருக்கிறது, இதுவரை எதையும் அதில் செருகியதில்லை. சென்னையில் யாரிடமாவது ஓடுகிற நிலையில் லெஸ்லி இருந்தால் சொல்லுங்கள், கீபோர்டைத் தூக்கிக்கொண்டு தாம்பரமானாலும் திருவொற்றியூரானாலும் வருகிறேன்.